இயங்குதள நிறுவலில் சேமிப்பக டிரைவர் பிழைகள்: பயாஸ் காலம் முதல் என்விஎம்இ காலம் வரை

முன்னுரை

விண்டோஸ் 11 நிறுவும்போது எந்த வட்டில் நிறுவ வேண்டும் என்று கேட்கும் திரை, சில மடிக்கணினிகளில் வெறுமையாக வந்து நிற்கிறது. சேமிப்பக டிரைவரை ஏற்றும்படி ஒரு குறிப்பு மட்டும் அதில் இருக்கும். அதே கணினியின் பயாஸ் திரைக்குள் போய்ப் பார்த்தால் எஸ்எஸ்டியின் பெயரும் கொள்ளளவும் சரியாகவே தெரியும். வட்டு பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டிப் புதியது வாங்குவோரும், புரியாத அமைப்புகளை மாற்றித் தரவை இழப்போரும் தடுமாறும் இடம் இதுதான்.

இந்தப் பிழைக்கு முப்பது ஆண்டு வரலாறு உண்டு. வட்டைப் படிக்கும் பொறுப்பு பயாஸ் போன்ற ஃபர்ம்வேரிடமிருந்து இயங்குதளத்தின் கைக்கு மாறுகிற கணத்தில் இது பிறக்கிறது. சேமிப்பக வன்பொருள் ஒவ்வொரு முறை தலைமுறை மாறும்போதும் திரும்ப வருகிறது. இந்த வரலாற்றை அறிந்தவருக்குப் பிழையைத் தீர்க்கும் வழியும் ஒழுங்காகப் புலப்படும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

டிரைவர் தேவைப்படாத காலம்

1983இல் வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 மெகாபைட் வன்தட்டைக் கொண்டிருந்தது. அந்த வன்தட்டை இயக்கும் அட்டையிலேயே ஒரு ரோம் சில்லு இருந்தது. அதிலிருந்த நிரல், கணினியின் பயாஸ் வழங்கும் வட்டுச் சேவையோடு தன்னை இணைத்துக்கொண்டது. டாஸ் இயங்குதளம் எதைப் படிக்க வேண்டுமானாலும் இந்தச் சேவையையே கேட்டது. பின்னாளில் வந்த ஸ்கசி அட்டைகள் பலவும் இதே வழியைப் பின்பற்றின. டிரைவர் வன்பொருளோடு சேர்ந்தே வந்ததால், டாஸ் நிறுவுபவர் அதைப் பற்றி நினைக்கவே வேண்டியிருக்கவில்லை.

இந்த வசதிக்கு ஒரு விலை இருந்தது. பயாஸ் நிரல் 16 பிட் முறையில் ஓடியது. ஒரு வேலை முடியும்வரை மற்றது காத்திருந்தது. பழைய முகவரி முறையால் ஏறத்தாழ 8.4 ஜிகாபைட்டுக்கு மேல் எட்டவும் முடியவில்லை. பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்ய விரும்பும் இயங்குதளத்துக்கு இது போதாது.

பொறுப்பு கைமாறுதல்

1993 ஜூலையில் வெளியான விண்டோஸ் என்டி 3.1, வட்டுப் பணிக்குத் தன் சொந்த 32 பிட் டிரைவர்களை நம்பியது. ஆனால் இயங்குதளத்தின் மையமான கெர்னலும் டிரைவர்களும் வட்டில்தானே இருக்கின்றன? அவற்றை நினைவகத்துக்குக் கொண்டுவரும் தொடக்க ஏற்றி ஃபர்ம்வேரின் உதவியோடு வேலையை முடிக்கிறது. கெர்னல் ஓடத் தொடங்கியதும் அந்த உதவி நின்றுவிடுகிறது. ஏற்கெனவே ஏற்றப்பட்ட டிரைவர்களுள் அந்த வட்டை இயக்கும் கன்ட்ரோலருக்கு உரியது இல்லையென்றால், சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்ட நிலைதான். விண்டோஸில் இது 7பி என்னும் எண்ணோடு நீலத்திரையாக வரும். தொடக்க வட்டை அணுக முடியவில்லை என்பது அதன் பொருள்.

நிறுவல் கட்டத்தில் இதைத் தவிர்க்கவே விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகியவற்றில் எஃப்6 விசை இருந்தது. தொடக்க நொடிகளில் அதை அழுத்தினால், ஸ்கசி அல்லது ரெய்டு அட்டையின் டிரைவரைப் பிளாப்பியிலிருந்து கொடுக்கலாம். சர்வர்களை நிறுவுவோர் மட்டுமே அறிந்திருந்த இந்த விசையைச் சில ஆண்டுகளில் வீட்டுக் கணினி பழுதுபார்ப்பவர்களும் தேட வேண்டியதாயிற்று.

லினக்ஸ் கண்ட வழி

தொடக்கத்தில் லினக்ஸ் வினியோகங்கள் வெவ்வேறு கன்ட்ரோலர்களுக்கு வெவ்வேறு கெர்னல்களை இட்ட தொடக்கப் பிளாப்பிகளை அளித்தன. தன் அட்டைக்கு எது பொருந்தும் என்பதைப் பயனரே அறிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். 1996இல் வெர்னர் ஆல்மெஸ்பர்கரும் ஹான்ஸ் லெர்மனும் ஆவணப்படுத்திய இனிட்ஆர்டி முறை இந்தச் சுமையைக் குறைத்தது. தேவையான டிரைவர்கள் அடங்கிய சிறு கோப்பு முறைமையைக் கெர்னலோடு சேர்த்தே தொடக்க ஏற்றி நினைவகத்துக்குக் கொண்டுவரும். கெர்னல் அங்கிருந்து உரிய டிரைவரை எடுத்துக்கொண்டு, பிறகு உண்மையான வட்டைத் திறக்கும். 2003 டிசம்பரில் வெளியான 2.6 கெர்னல் தொடரில் இது இனிட்ராம்எஃப்எஸ் ஆக வளர்ந்தது.

இங்கும் ஓர் ஓட்டை உண்டு. சில வினியோகங்கள் அந்தந்தக் கணினிக்குத் தேவையான டிரைவர்களை மட்டுமே இந்த இனிட்ராம்எஃப்எஸ் படிமத்தில் வைக்கின்றன. வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்தினால் மூலக் கோப்பு முறைமை கிடைக்காமல் கெர்னல் நின்றுவிடலாம். எல்லா டிரைவர்களும் கொண்ட மீட்புப் படிமத்தால் தொடங்கி, முதன்மைப் படிமத்தை மறுபடி உருவாக்குவதே இதற்குத் தீர்வு.

சாட்டாவும் ஏஎச்சிஐயும்

எக்ஸ்பி வெளியானது 2001இல். சாட்டா வட்டுகளுக்கான ஏஎச்சிஐ விதிமுறையின் முதல் பதிப்பை இன்டெல் 2004இல் வெளியிட்டது. ஆகவே எக்ஸ்பி குறுவட்டில் ஏஎச்சிஐ டிரைவர் இல்லை. கணினிகளிலோ பிளாப்பி டிரைவ் மறைந்துகொண்டிருந்தது. எஃப்6 கேட்டதோ பிளாப்பி. இந்த இடைவெளியை இரண்டு வழிகள் நிரப்பின. என்லைட் போன்ற கருவிகளால் டிரைவரை நிறுவல் குறுவட்டுக்குள்ளேயே சேர்த்தார்கள். அல்லது பயாஸில் ஐடிஇ முறையைத் தேர்ந்து புதிய கன்ட்ரோலரைப் பழையதாக நடிக்க வைத்தார்கள்.

இரண்டாவது வழி பின்னர் ஒரு புதுச் சிக்கலைத் தந்தது. ஐடிஇ முறையில் நிறுவியவர் வேகத்துக்காக ஏஎச்சிஐக்கு மாற்றினால் உடனே 7பி வரும். விஸ்டாவும் விண்டோஸ் 7உம் ஏஎச்சிஐ டிரைவரைத் தம்முள் கொண்டிருந்தும், நிறுவும்போது பயன்படாத டிரைவரை அவை தொடக்கத்தில் ஏற்றுவதில்லை. மாற்றுவதற்கு முன்பே ரெஜிஸ்ட்ரியில் அந்த டிரைவரின் தொடக்க மதிப்பைச் சுழியமாக்குவது தீர்வாக இருந்தது. விண்டோஸ் 8 முதல், முறையை மாற்றியபின் ஒருமுறை சேஃப் மோடில் தொடங்கினால் பெரும்பாலும் போதும். விஸ்டா தந்த இன்னொரு விடுதலை, நிறுவலின்போது டிரைவரை யுஎஸ்பியிலிருந்தும் ஏற்றலாம் என்பது.

என்விஎம்இ, விஎம்டி, மெய்நிகர் வட்டு

எஸ்எஸ்டிகளுக்கான என்விஎம்இ விதிமுறையின் முதல் பதிப்பு 2011 மார்ச்சில் வந்தது. லினக்ஸ் 3.3 கெர்னல் 2012இலும், விண்டோஸ் 8.1 2013இலும் அதற்கான டிரைவரைக் கொண்டிருந்தன. 2009இல் வெளியான விண்டோஸ் 7இன் நிறுவல் வட்டு என்விஎம்இயை அறியாது. அதே வட்டில் யுஎஸ்பி 3 டிரைவரும் இல்லை. 2015க்குப் பின் வந்த பல கணினிகளில் யுஎஸ்பியிலிருந்து நிறுவத் தொடங்கினால், குறுவட்டு டிரைவர் இல்லை என்று செய்தி வந்தது. குறுவட்டே இல்லாத கணினியில் அந்தச் செய்தி பலரைத் திசைதிருப்பியது. உண்மையில், பயாஸ் உதவியால் தொடங்கிய நிறுவல் நிரல், கைமாறியபின் தான் புறப்பட்டு வந்த யுஎஸ்பியையே காண முடியாமல் நின்றது.

என்விஎம்இ பொது விதிமுறை ஆனதால் யார் தயாரித்த எஸ்எஸ்டிக்கும் ஒரே டிரைவர் போதும். சிக்கல் அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் 2020இல் வந்த இன்டெல் 11ஆம் தலைமுறை மடிக்கணினிகள் பலவற்றில் எஸ்எஸ்டிகள் விஎம்டி என்னும் கன்ட்ரோலருக்குப் பின்னால் வைக்கப்பட்டன. அதற்குரிய டிரைவர் இல்லாத நிறுவல் படிமத்துக்கு, விண்டோஸின் பொது என்விஎம்இ டிரைவர் இருந்தும் எஸ்எஸ்டி கண்ணில் படாது. மெய்நிகர் கணினிகளிலும் இதே கதைதான். கேவிஎம் மெய்நிகராக்கத்தில் விர்ட்ஐஓ என்னும் மெய்நிகர் வட்டோடு விண்டோஸ் நிறுவினால், விர்ட்ஐஓ டிரைவர் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பையும் இணைக்காதவரை பட்டியல் வெறுமைதான்.

வரலாறு காட்டும் தீர்வு ஒழுங்கு

இத்தனை தலைமுறைகளிலும் தீர்வுகள் மூன்றே: டிரைவரை வெளியிலிருந்து கொடுப்பது, நிறுவல் ஊடகத்துக்குள் சேர்ப்பது, வன்பொருளைப் பொது முறைக்கு மாற்றுவது. எதைத் தேர்வது என்பதைப் பின்வரும் வரிசை முடிவு செய்யும்.

முதலில், பயாஸில் வட்டு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் இணைப்பு, செருகுவாய், வட்டு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். டிரைவரைத் தேடிப் பயனில்லை. தெரிந்தால் விஎம்டி, ரெய்டு, ஏஎச்சிஐ ஆகியவற்றுள் எது இயக்கத்தில் இருக்கிறது என்று அறிய வேண்டும். விண்டோஸ் நிறுவல் திரையில் ஷிஃப்ட்+எஃப்10 அழுத்தி, டிஸ்க்பார்ட் நிரலில் வட்டுகளைப் பட்டியலிட்டால் கைமாறுதலுக்குப் பிந்தைய நிலை தெரிந்துவிடும்.

அடுத்து, கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அந்த மாடலுக்குரிய டிரைவரைப் பெற்று, சுருக்கிய கோப்பை விரித்து யுஎஸ்பியில் வைக்க வேண்டும். நிறுவல் நிரல் தேடுவது ஐஎன்எஃப் கோப்பை. சுருக்கிய கோப்பையோ இஎக்ஸ்இ கோப்பையோ அப்படியே வைத்தால் அதற்குத் தெரியாது. டிரைவர் இல்லை என்று மறுபடி செய்தி வருவதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

முறையை மாற்றும் மூன்றாம் வழிக்கு முன் எச்சரிக்கை வேண்டும். வட்டில் ஏற்கெனவே விண்டோஸ் இருந்தால் அது தொடங்காமல் போகலாம். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் மீட்புச் சாவியைக் கேட்கலாம். வட்டுகள் ரெய்டு தொகுப்பின் உறுப்புகளாக இருந்தால் தரவே ஆபத்தில் சிக்கலாம். காப்பு நகல் எடுத்த பிறகே இந்த வழிக்குப் போக வேண்டும்.

முடிவுரை

ஏஎச்சிஐ, என்விஎம்இ போன்ற பொது விதிமுறைகள் இயங்குதளங்களுக்குள் குடியேறிய ஒவ்வொரு முறையும் இந்தப் பிழை தணிந்தது. தனி நிறுவனங்களின் அடுக்குகள் அவற்றின்மேல் ஏறியபோது திரும்பியது. எனவே பொறுப்பைப் பயனர்மேல் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. புதிய கன்ட்ரோலர் சந்தைக்கு வரும் முன்பே அதன் டிரைவர் இயங்குதளப் படிமங்களில் சேர வேண்டும். இயலாவிட்டால் கணினி பொது முறையிலேயே விற்பனைக்கு வர வேண்டும். கணினி பழுதுநீக்கம் கற்பிக்கும் இடங்களில் பொத்தான்களின் வரிசையோடு, ஃபர்ம்வேரிலிருந்து கெர்னலுக்குப் பொறுப்பு மாறும் கட்டத்தையும் பாடமாக்க வேண்டும். அந்தக் கட்டத்தைப் புரிந்துகொண்ட தொழில்நுட்பர், நாளை வேறொரு கன்ட்ரோலர் வந்தாலும் நல்ல வட்டைக் குப்பையில் போடமாட்டார். வாடிக்கையாளரின் தரவையும் இழக்க விடமாட்டார்.