சென்னையின் தெருக்கள்: இணைந்தவையும் பிரிந்தவையும்

நகரத்தில் வீடுகள் இடிந்து மீண்டும் எழுகின்றன, கடைகள் கைமாறுகின்றன. முதலில் வகுக்கப்பட்ட தெரு மட்டும் பெரும்பாலும் இடம் பெயர்வதில்லை. ஒரு பகுதியில் வாழ்வோர் கோயிலுக்கும் பள்ளிக்கும் நடந்தே செல்ல இயலுமா என்பது, அந்நிலம் மனைகளாகப் பிரிக்கப்பட்ட நாளிலேயே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. சென்னையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் கோயிலையும் குளத்தையும் சூழ்ந்த மாட வீதிகளே ஊரின் நடுவாயின. அவற்றிலிருந்து கிளைத்த சிறு தெருக்கள் குறுகலானவை. ஆயினும் ஒன்றோடொன்று இணைந்தவை.

ஆங்கிலேயர் கோட்டையை ஒட்டியிருந்த கறுப்பர் நகரம் வேறு வகையில் மாறியது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். 1749-இல் அது ஆங்கிலேயரிடம் திரும்பியது. கோட்டையின் முன்னே திறந்த வெளி வேண்டுமென அங்கிருந்த குடியிருப்புகள் அகற்றப்பட்டன. வடக்கே முத்தியாலுப்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும் வளர்ந்தன. தங்கசாலைத் தெரு, தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு ஆகியவை வடக்கு தெற்காக நீண்டு ஓட, குறுக்குத் தெருக்கள் அவற்றை இணைத்தன. ஒரு வழி அடைபட்டாலும் மறுவழி இருந்தது. வணிகம் அங்குத் தழைக்க இதுவும் துணைநின்றது.

தெற்கிலும் மேற்கிலுமோ செல்வர்களின் தோட்ட வீடுகள் பரந்து கிடந்தன. மதில் சூழ்ந்த பெரிய தோட்டங்களுக்குத் தெருக்கள் தேவைப்படவில்லை. பின்னாளில் அவை தனித்தனியே மனைகளாக விற்கப்பட்டபோது, பழைய மதிலே எல்லையாயிற்று. முட்டுச் சந்துகள் பல தோன்றின.

1920-ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்திற்குப் பின் உருவான தியாகராய நகரில் இக்குறை தவிர்க்கப்பட்டது. பனகல் பூங்காவில் முதன்மைச் சாலைகள் கூடின. உள்தெருக்கள் அவற்றோடு சேர்ந்தன. அதற்கு மாம்பலத்தின் பெரிய ஏரி விலையாயிற்று என்பதையும் மறத்தற்கில்லை.

1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியது. புறநகர்கள் பெருகின. தொலைவிலுள்ள ஊரை அருகாக்கிய அதே இருப்புப்பாதை, பக்கத்துத் தெருவைத் தொலைவாக்கியது. தியாகராய நகருக்கும் மேற்கு மாம்பலத்திற்கும் இடையே துரைசாமி சுரங்கப்பாதை போன்ற சில வழிகளே அமைந்தன.

2011-இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. விளிம்பில் வயல்கள் ஒவ்வொன்றாக மனைகளாயின. ஒரு மனைப்பிரிவின் தெரு அடுத்ததன் தெருவைச் சந்திக்காத இடங்கள் பல. கொல்லைப்புறச் சுவரை மட்டும் பகிரும் இரு வீட்டார், ஒருவரையொருவர் காண நெடுஞ்சாலை வரை சென்று திரும்ப வேண்டியிருக்கிறது. இளையோருக்கு வண்டி உண்டு. முதியோரோ வீட்டிலேயே தங்கிவிடுகின்றனர்.

வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பகுதிகளிலிருந்து நகருக்குக் குடிபெயரும் குடும்பங்கள் மனை வாங்கும்போது நீர், விலை, பத்திரம் ஆகியவற்றைப் பார்க்கின்றன. தெருவின் மறுமுனை எங்கே திறக்கிறது என்பதும் பார்க்கத் தக்கதே. வீட்டைத் திருத்திக் கட்டலாம். மூடிய தெருவைத் திறப்பது எளிதன்று.