மகஜரும் பணப்பெட்டியும்

மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி கட்டியிருந்தான் என்னும் கதையை நாம் இளமையிலேயே கேட்டிருக்கிறோம். அம்மணியை எவரும் அசைக்கலாம். கன்றை இழந்த பசுவும் அசைத்தது. அசைத்தவர் யார், அவர் குறை யாது என்பதை அரசன் மட்டுமன்றி ஊராரும் அறிந்தனர். ஆனால் மணியை நாடாமல், தனித்துச் சென்று மன்னன் செவியில் மெல்ல ஓதுவோரும் எக்காலத்தும் இருந்தனர். குடியாட்சி நடைபெறும் நம் காலத்திலும் இவ்விரு வழிகளும் உண்டு. சட்டசபையின் முன்கூடத்தில் உறுப்பினர்களைச் சந்தித்துத் தம் தரப்பை எடுத்துரைப்போரை மேல்நாட்டார் ‘லாபி’ என்னும் சொல்லால் குறித்தனர். செல்வமும் தொழிலும் செறிந்த பம்பாய் நகரின் வரலாறு, வெளிப்படையாக முறையிடுவதற்கும் மறைவில் வேண்டுவதற்கும் உள்ள வேற்றுமையை நமக்கு நன்கு விளக்குகிறது.

முதலில், வெளிப்படையாக நடந்த ஒரு வழக்காடலைக் காண்போம். மொழிவாரி மாகாணங்கள் அமைப்பதுபற்றி ஆராய 1953ஆம் ஆண்டு இறுதியில் இந்திய அரசாங்கம் ஒரு கமிஷனை நியமித்தது. பசல் அலி தலைவராகவும், குன்ஸ்ரு, பணிக்கர் ஆகியோர் உறுப்பினராகவும் அதில் அமர்ந்தனர். பம்பாய் நகரம் மகாராஷ்டிரத்துடன் சேரவேண்டுமா, தனித்து நிற்கவேண்டுமா என்பது அக்கமிஷன் முன் எழுந்த மிகச் சிக்கலான வினா. நகரின் பெருந்தொழிலதிபர்கள் ‘பம்பாய்க் குடிகள் கமிட்டி’ என்ற பெயரில் ஒன்று கூடினர். சர் புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ் அதற்குத் தலைமை தாங்கினார், ஜே.ஆர்.டி. டாட்டாவும் அதில் இருந்தார். நகரைத் தனி மாகாணமாக்க வேண்டும் என்று அவர்கள் ஏறத்தாழ இருநூறு பக்கங்களில் ஒரு மகஜரை அச்சிட்டு அளித்தனர். நகர மக்களில் மராத்தி பேசுவோர் பாதிக்கும் குறைவு என்பது அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. மாதுங்காவிலும் தாராவியிலும் வாழ்ந்த தமிழரும் அந்தக் கணக்கின் மறுபகுதியில் அடங்கினர்.

அச்சில் வந்த வாதத்துக்கு மறுப்பும் அச்சிலேயே வந்தது. சம்யுக்த மகாராஷ்டிர பரிஷத்தைச் சேர்ந்தோர், நகரம் நிற்கும் மண்ணையும் அதில் உழைக்கும் தொழிலாளரையும் காட்டித் தம் உரிமையை நிலைநாட்ட முயன்றனர். 1956 ஜனவரியில் பம்பாய் மத்திய அரசாங்கத்தின் ஆட்சிக்கு உட்படும் என்று பிரதமர் நேரு அறிவித்தபோது நகரம் கொந்தளித்தது. போலீசாரின் துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிர் நீத்தனர். அதே ஆண்டில் நிதியமைச்சர் தேஷ்முக் பதவியைத் துறந்தார். 1956 நவம்பர் முதல் தேதி இருமொழிப் பம்பாய் மாகாணம் உருவாயிற்று. 1960 மே முதல் தேதி பம்பாயைத் தலைநகராகக் கொண்ட மகாராஷ்டிரம் பிறந்தது. நாட்டின் பெருஞ்செல்வர்கள் ஒன்றுகூடி வேண்டியும் அவர்கள் விருப்பம் நிறைவேறவில்லை. அவர்கள் கேட்டது இன்னதென யாவரும் அறிந்திருந்ததால், அதை எதிர்ப்போரும் முழு வலிமையுடன் எதிர்க்க முடிந்தது. அப்போராட்டத்தில் உயிர்கள் பலியானதை நாம் மறத்தலாகாது. ஆயினும் வாதம் ஒளிவில் நடக்கவில்லை.

பணம் நேரே கட்சிகளின் பெட்டியை நாடும்போது நிலைமை வேறாகிறது. 1957ஆம் ஆண்டு டாட்டா இரும்பு எஃகுக் கம்பெனி, அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை அளிக்க இடந்தரும் வகையில் தன் அமைப்பு விதியைத் திருத்த விரும்பிற்று. பங்குதாரர் ஒருவர் ஆட்சேபித்தார். வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றத்தை அடைந்தது. அரசாங்கக் கொள்கையைச் சார்ந்தே தொழில் வளரும் நாட்டில் இத்தகைய விருப்பம் எழுவது வியப்பன்று. பிரதம நீதிபதி சாக்ளா, அந்நாளைய சட்டம் இதற்குத் தடையாக இல்லை என்று கண்டார். எனினும் அத்துடன் அவர் நிற்கவில்லை. கம்பெனிகள் கட்சிகளுக்குப் பணம் தரும் வழக்கம் வளர்ந்தால் அது குடியாட்சியையே நெரித்துவிடக்கூடும் என்று எச்சரித்து, பார்லிமெண்டு இதனைக் கருத வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

பார்லிமெண்டு செவிசாய்த்தது. 1960ஆம் ஆண்டுத் திருத்தம் இத்தகைய நன்கொடைக்கு ஓர் உச்சவரம்பு விதித்து, தொகையையும் பெற்றவர் பெயரையும் கணக்கில் காட்டுமாறு செய்தது. 1969இல் கம்பெனி நன்கொடை அடியோடு தடுக்கப்பட்டது. தேர்தல் செலவோ குறையவில்லை. ஆகவே கணக்கில் வராத பணத்துக்கே இத்தடை வழிவிட்டது எனப் பலர் கருதினர். 1985இல் தடை நீங்கி, சராசரி லாபத்தில் நூற்றுக்கு 5 என்ற வரம்பு வந்தது; 2013இல் அது 7.5 ஆயிற்று. 2017இல் வரம்பும் நீங்கிற்று, எந்தக் கட்சிக்கு அளித்தோம் என்று கம்பெனி கூறவேண்டிய கடமையும் நீங்கிற்று. அதன் பின்னர்த் தேர்தல் பத்திரங்கள் வந்தன. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டேட் பாங்கு அவற்றை விற்றது; வாங்கியவர் பெயர் மக்களுக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15ஆம் தேதி, வாக்காளரின் அறியும் உரிமையை எடுத்துக்காட்டிச் சுப்ரீம் கோர்ட் அத்திட்டத்தைச் செல்லாது என்று தீர்த்தது. சாக்ளா எச்சரித்து அப்போது 66 ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.

அமெரிக்காவில் 1946 முதலே, சட்டமன்றத்தாரிடம் பிறர் பொருட்டு வாதாடுவோர் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற விதி உண்டு. 1995இல் அது மேலும் இறுக்கப்பட்டது. அதனால் அங்கே பணத்தின் செல்வாக்கு ஒழிந்துவிடவில்லை. ஆயினும் யார் யாருக்காகப் பேசுகிறார் என்பதைக் குடிமகன் தேடிக் காண இயலுகிறது. நம் நாட்டில் அத்தகைய சட்டம் இல்லை. 2013இல் மக்களவையில் ஒரு தனி உறுப்பினர் கொண்டுவந்த மசோதா சட்டமாகவில்லை.

இது தொலைவில் உள்ளோரின் கவலை என்று மும்பைத் தமிழர் கருதலாகாது. தாராவியைப் புதிதாகக் கட்டும் திட்டத்தை மாநில அரசாங்கம் 2004இல் அறிவித்தது. 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க் கேள்வியுடன் ஏலத்தில் முதலிடம் பெற்றது. 2000 ஜனவரி முதல் தேதிக்கு முன் குடியேறியவர் யார், பின் வந்தவர் யார் என்ற வரையறையில் பல குடும்பங்களின் இருப்பிடம் அடங்கியிருக்கிறது. திட்டத்தை வரவேற்போரும் அங்கு உண்டு. 2023 டிசம்பரில் எதிர்த்து ஊர்வலம் சென்றோரும் உண்டு. தோல் பதனிடுவோனும் இட்லி விற்போளும் தம் குறையைத் தெருவில் நின்றே கூற முடியும். அமைச்சரின் அறைக்குள் அமர்ந்து பேசும் வசதி அவர்களுக்கு இல்லை. ஆகவே அந்த அறைக்குள் பேசுவதும் தெருவுக்குத் தெரியவேண்டும் என்று கேட்பது அவர்களுக்கு நியாயம்.

செல்வர் பேசலாகாது என்று நாம் கூறவில்லை. தம் நலனை எடுத்துரைக்கும் உரிமை ஆலை முதலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் ஒன்றே. ஆனால் பேசுபவர் யார், அவருக்குப் பின் நிற்கும் பணம் யாருடையது என்பது வெளிப்பட்டால்தான் எதிர்த்தரப்பு மறுமொழி கூற இயலும். ஒரு கொள்கையை ஆதரித்துப் பிரசங்கமோ பிரசுரமோ நம்மிடம் வரும்போது இதனைக் கேட்டறிவது, வாக்களிப்பதைப் போன்றே நம் கடமையாகும்.