ஒரு தோட்டா, இரு துப்பாக்கிகள்

தமிழ் வாசகர்களில் ஒரு தலைமுறை, அமெரிக்காவின் மேற்குப் பகுதியை முதலில் படக்கதைகள் வழியாகவே அறிந்தது. 1948-இல் இத்தாலியில் பிறந்த டெக்ஸ் வில்லர், சிவகாசியின் லயன் காமிக்ஸ் வழியே தமிழ் பேசியபோது அவருடைய இடுப்பில் ரிவால்வரும் கையில் ஒரு ரைஃபிளும் இருந்தன. விசையைச் சூழ்ந்த வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அந்த ரைஃபிள் அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். அந்த வளையமே லீவர். துப்பாக்கியின் பெயர் வின்செஸ்டர். இடுப்பில் இருப்பதற்கும் கையில் இருப்பதற்கும் ஒரே தோட்டா பொருந்தும் என்பது சிறிய ஏற்பாடுதான். ஆயினும் இன்று அமெரிக்கக் கடைகளில் 'பிஸ்டல் காலிபர்' லீவர் ரைஃபிள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் அந்த ஏற்பாட்டையும், அதன்மேல் படிந்த ஒரு புனைவையும் சேர்த்தே வாங்குகிறார். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது நமக்குப் பயன்படும்.

இந்த ஏற்பாடு ஓர் இயலாமையிலிருந்து பிறந்தது. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் சட்டை உற்பத்தி செய்து பொருளீட்டிய ஆலிவர் வின்செஸ்டர், தள்ளாடிக்கொண்டிருந்த துப்பாக்கி நிறுவனம் ஒன்றைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அங்கே பணியாற்றிய பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860-இல் தம் ரைஃபிளுக்குக் காப்புரிமை பெற்றார். குழலுக்கு அடியில் மற்றொரு குழாய். அதில் ஒன்றன்பின் ஒன்றாகப் பதினாறு தோட்டாக்கள். ஆனால் தோட்டாவைத் தாங்கி நின்ற உள்ளமைப்பு நம் முழங்கால்போல் மடங்கி நிமிரும் ஒரு மூட்டு. அது நீண்ட, வலிய தோட்டாக்களின் அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே தோட்டா குட்டையாகவும் மருந்து குறைவாகவும் இருக்க நேர்ந்தது. விரைவு வேண்டுமெனில் வலிமையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே இவ்வகைத் துப்பாக்கியின் முதல் ஒப்பந்தம். 1866-இல் நெல்சன் கிங் என்பவர், பக்கவாட்டுத் திறப்பு வழியே தோட்டாக்களை இடும் வசதியைச் சேர்த்தார். மஞ்சள் உலோக உடல் கொண்ட அந்த 1866 மாதிரியே வின்செஸ்டர் என்னும் பெயர் தாங்கி வந்த முதல் ரைஃபிள்.

1873-இல் இரும்பு உடலோடு அடுத்த மாதிரி வந்தது. அதன் தோட்டாவை '44-40' என்பர். முதல் எண், அங்குலத்தில் நூறில் எத்தனை பங்கு குறுக்களவு என்பதைச் சுட்டும் பெயரளவு. இரண்டாவது எண் கருமருந்தின் எடை. நாற்பது கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 2.6 கிராம். அதே ஆண்டில் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளின் தோட்டாவிலோ எழுபது கிரெய்ன் மருந்து; குண்டின் எடையும் வின்செஸ்டர் குண்டைப்போல் இரு மடங்கு. சில ஆண்டுகளில் கோல்ட் நிறுவனம் தன் புகழ்பெற்ற ரிவால்வரை 44-40 தோட்டாவுக்கும் ஏற்றவாறு செய்து விற்கத் தொடங்கியது. இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். இன்று 'கைத்துப்பாக்கித் தோட்டா' என்று வகைப்படுத்தப்படும் இது, பிறப்பால் ரைஃபிளுக்கு உரியது; ரிவால்வர்தான் அதைத் தேடி வந்தது. கடை பல நாள் பயணத் தொலைவில் இருந்த நிலத்தில், ஒரே கச்சையிலிருந்து இரண்டு துப்பாக்கிகளுக்கும் தோட்டா எடுக்கலாம் என்பது ஆடம்பரமன்று, சிக்கனம்.

படைத்தலைமை இந்தச் சிக்கனத்தை விரும்பவில்லை. தொலைவு எட்டும் ஒற்றைத் தோட்டா ரைஃபிளே அதற்கு உகந்ததாகப்பட்டது. வேகமாகச் சுடும் வீரன் தோட்டாவை வீணாக்குவான் என்ற அச்சமும் உடனிருந்தது. 1876 ஜூன் 25 அன்று மொன்டானாவின் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் அந்தத் தேர்வு சோதனைக்கு உள்ளாயிற்று. லகோட்டா, செயென் மக்களின் வீரர்களிடம் சிக்கிய கஸ்டரும், அவருடன் நின்ற இருநூறுக்கு மேற்பட்டோரும் மடிந்தனர். 1983-இல் அந்தப் புல்வெளி தீப்பற்றி எரிந்து தரை வெளிப்பட்டது. மறு ஆண்டு தொல்லியலார் அகழ்ந்து, கிடைத்த தோட்டா உறைகளில் பதிந்திருந்த ஊசித் தடங்களைத் தடய அறிவியல் முறைப்படி ஒப்பிட்டனர். ஹென்றி, 1866 வின்செஸ்டர், 1873 வின்செஸ்டர் ஆகியவற்றின் உறைகள் பழங்குடியினர் நின்ற இடங்களில் கிடைத்தன. அம்புகளும் பழைய துப்பாக்கிகளும் அவர்களிடம் மிகுதி. எனினும் நெருங்கிய போரில் விரைந்து சுடும் ரைஃபிள் அன்று அவர்கள் கையில் இருந்தது. ஒற்றைத் தோட்டா ரைஃபிள் அரசின் கையில் இருந்தது.

பின்னாளில் வின்செஸ்டர் நிறுவனம் தன் விளம்பரத்தில், இதுவே 'மேற்கை வென்ற துப்பாக்கி' என்று பறைசாற்றியது. நாம் ஐயுற வேண்டிய இடம் இதுதான். மேற்கை யாரிடமிருந்து, எதைக்கொண்டு வென்றார்கள்? 1868-இல் லாரமி கோட்டை உடன்படிக்கை, கருங்குன்றுகளை லகோட்டா மக்களுக்கு உரியவையாக ஏற்றது. 1874-இல் அங்கே பொன் இருப்பது தெரிந்தது. 1877-இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றி அக்குன்றுகளை எடுத்துக்கொண்டது. அம்மக்களின் உணவும் உடையும் கூடாரமுமாக இருந்த காட்டெருமைகளைக் கொன்று குவித்தவர்கள் பெரிதும் பயன்படுத்தியவை, தொலைவு எட்டும் கனத்த ஒற்றைத் தோட்டா ரைஃபிள்கள். தோல்களைக் கொண்டு சென்றது இருப்புப்பாதை. 1890 டிசம்பர் 29 அன்று ஊன்டட் நீ ஓடையருகில் இருநூற்றைம்பது பேருக்குக் குறையாத லகோட்டா மக்கள், பெண்களும் குழந்தைகளும் உட்படக் கொல்லப்பட்டனர். அங்கே நின்றது கஸ்டரின் அதே ஏழாம் குதிரைப்படை. உடன் ஹாட்ச்கிஸ் பீரங்கிகள். சட்டம், பசி, தண்டவாளம், பீரங்கி ஆகியவை சேர்ந்து செய்ததை விளம்பரம் ஒரு துப்பாக்கியின் பெயரில் எழுதிக்கொண்டது. தனியொருவன் கைத்திறனாகச் சொல்லப்பட்ட கதையில் அரசின் வன்முறை கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

திரைப்படம் அந்தப் புனைவை உலகெங்கும் கொண்டுசென்றது. 1939-இல் வந்த ஜான் ஃபோர்டின் 'ஸ்டேஜ்கோச்' படத்தில் ஜான் வெய்ன் சுழற்றுவது, ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1892 மாதிரி. கதை நிகழும் காலத்திலோ அத்துப்பாக்கி பிறக்கவேயில்லை. ஹாலிவுட்டுக்கு அது ஒரு பொருட்டாக இருக்கவில்லை. ரிவால்வருக்கும் ரைஃபிளுக்கும் பொதுவாகப் பொருந்தும் வெற்றுத் தோட்டா படப்பிடிப்புகளில் புழங்கியது. எல்லைப்புறத்துக் குடியேறி எந்தச் சிக்கனத்துக்காக அத்துப்பாக்கியைத் தேர்ந்தானோ, அதே சிக்கனத்தைத் திரைப்பட நிறுவனங்களும் பேணின என்பது சுவையான ஒற்றுமை.

இன்றைய தேர்வு எப்படி இருக்கிறது? 44-40 பின்னுக்குப் போய்விட்டது. 1935-இல் வந்த .357 மேக்னம், 1955-இல் வந்த .44 மேக்னம் ஆகியவையே இப்போது பெரும்பான்மை. இவை ரிவால்வருக்கெனப் பிறந்து ரைஃபிளுக்குச் சென்றவை. பழைய பயணம் தலைகீழாகிவிட்டது. குழல் நீளமாக இருப்பதால் பலனும் உண்டு. ரிவால்வரிலிருந்து நொடிக்குச் சுமார் 380 மீட்டர் வேகத்தில் கிளம்பும் .357 குண்டு, ரைஃபிளிலிருந்து சுமார் 550 மீட்டர் வேகத்தில் கிளம்பும். ஆயினும் பழைய ஒப்பந்தம் மாறவில்லை. குழாய்க்குள் ஒரு குண்டின் மூக்கு முன்னுள்ள தோட்டாவின் பற்றவைப்பானைத் தொட்டு நிற்பதால் கூர்முனை இடர் விளைக்கும். மழுங்கிய முனையே வழக்கம். மழுங்கிய குண்டு காற்றில் விரைவாகத் தளரும். மான் வேட்டைக்கு ஏறத்தாழ நூறு மீட்டர் என்பதே நியாயமான எல்லை.

பெயர்களின் கதை இன்னும் வியப்பானது. நியூ ஹேவன் தொழிற்சாலை 2006-இல் மூடப்பட்டது. வின்செஸ்டர் என்னும் பெயரோடு இன்று வரும் லீவர் ரைஃபிள்களைச் செய்வது ஜப்பானின் மிரோக்கு. 1892 மாதிரியின் புகழ்பெற்ற படிகள் பிரேசிலின் ரோஸியிடமிருந்தும், 1873 மாதிரியின் படிகள் இத்தாலியின் உபெர்ட்டியிடமிருந்தும் வருகின்றன. மார்லின் 2020-இல் ரூகர் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. இன்றைய ஹென்றி நிறுவனம் 1990-களில் தோன்றியது. பழைய ஹென்றியோடு அதற்குப் பெயர் மட்டுமே பொது. பழமையை நாடுவோர் விரும்பி வாங்கும் '.45 கோல்ட்' ரைஃபிள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருந்ததே இல்லை. அத்தோட்டாவின் விளிம்பு மிகச் சிறியதாக இருந்ததால் ரைஃபிளின் கொக்கி அதைப் பற்றி வெளியே இழுக்க இயலாது என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம்.

துல்லியம், எடை, விலை ஆகியவற்றை விற்பனைப் பட்டியலில் ஒப்பிட்டுவிடலாம். இரு துப்பாக்கிகளுக்கு ஒரு தோட்டா என்ற ஏற்பாடு, அரிதான பொருளைச் சிந்தாமல் செலவிட நினைத்த எளிய மனிதரின் அறிவு. அதைக் குடியேறியும் பழங்குடி வீரனும் ஒருங்கே பயன்படுத்தினர். 'மேற்கை வென்றது' என்ற அடைமொழி பின்னால் வந்த வணிகரின் சேர்க்கை. படக்கதையை நாம் தொடர்ந்து மகிழ்ந்து படிக்கலாம். லிட்டில் பிக்ஹார்னின் மண்ணிலிருந்து எடுத்த பித்தளை உறைகள் யாருடைய துப்பாக்கியிலிருந்து விழுந்தவை என்பதையும் உடன் நினைவில் வைத்துக்கொள்வது நம் கடன்.