பெரட்டுக் களமும் பொருட்காட்சிச் சாலையும்

வரலாறு ஏட்டில் மட்டும் வாழ்வதன்று. கல்லிலும் மரத்திலும் கருவியிலும், அக்கருவியைப் பிடித்த கையின் பழக்கத்திலும் அது வாழ்கின்றது. ஏட்டை மறுபடி அச்சிட்டுக் காத்துவிடலாம். கையின் பழக்கத்தைக் காப்பது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடையாக எழுந்தவையே, சென்ற காலத்து வாழ்வைக் கண்முன் நடத்திக் காட்டும் பொருட்காட்சிச் சாலைகளாம்.

சுவீடன் நாட்டில் ஆர்தர் ஹசேலியஸ் என்பார் 1891-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் ஸ்கான்சென் என்னும் திறந்தவெளிக் காட்சிச் சாலையை நிறுவினார். ஆலைத் தொழில் பெருகப் பெருக நாட்டுப்புற வாழ்வு மறைந்து வருவதைக் கண்ட அவர், பல பகுதிகளிலிருந்தும் குடியானவர் வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து ஓரிடத்தில் மீண்டும் எழுப்பினார். அக்கால உடையணிந்தோர் அவ்வீடுகளில் அக்காலத் தொழிலையே செய்து காட்டினர். இம்முறை பின்னர் உலகெங்கும் பரவிற்று. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவும் இவ்வழியில் வந்ததே. தென்னாட்டின் பழைய வீடுகள் பல அங்கே பெயர்த்து நிறுத்தப்பட்டுள்ளன.

எனினும், மீட்டெடுக்கப்படுவது எவருடைய காலம் என்னும் வினா ஒன்று உண்டு. அமெரிக்காவில் வில்லியம்ஸ்பர்க் என்னும் பழைய நகரை 1926 முதல் ராக்பெல்லரின் பெரும் பொருளுதவியால் புதுப்பித்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கறுப்பின மக்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அடிமைகள். ஆயினும், பல்லாண்டுகள் வரை அங்குக் காட்டப்பட்டது சீமான்களின் மாளிகையும் விருந்தும் உடையுமே. 1979-க்குப் பின்னரே கறுப்பினத்தாரின் வாழ்வை அவ்வினத்தாரே எடுத்துரைக்கும் முறை அங்கு வந்தது. 1994-இல் அடிமை ஏலத்தை நடித்துக் காட்டியபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. துன்பத்தை வேடிக்கையாக்குவதா என்றனர் சிலர். மறைப்பதைவிடக் காட்டுவதே நேர்மை என்றனர் வேறு சிலர். இரு சாரார் கூற்றிலும் உண்மை உண்டு.

இவ்வினாவைப் பேராக் மாநிலத்தோடு பொருத்திக் காண்பது தகும். பத்து காஜாவிற்கு அருகிலுள்ள கெல்லி மாளிகையை அறியாதார் இலர். ஸ்காத்லாந்திலிருந்து 1890-இல் வந்த வில்லியம் கெல்லி ஸ்மித், காடழித்து ரப்பர்த் தோட்டம் கண்டவர். அவர் 1915-இல் தொடங்கிய மாளிகை முற்றுப்பெறும் முன்னரே, 1926-இல் லிஸ்பன் நகரில் காலமானார். அம்மாளிகைப் பணிக்குத் தமிழ்நாட்டிலிருந்து எழுபது தொழிலாளர் தருவிக்கப்பட்டனர் என்பர். கொடிய காய்ச்சல் பரவித் தொழிலாளர் பலர் மாண்டபோது, அவர்கள் வேண்டியவண்ணம் துரை எழுப்பித் தந்ததாகக் கூறப்படும் மாரியம்மன் கோவில் அருகிலேயே உள்ளது. அதன் மேற்புறத்தில் தெய்வ உருவங்களோடு தொப்பியணிந்த வெள்ளையர் உருவம் ஒன்றும் நிற்கின்றது. மாளிகைக்கு வருவோர் பேய்க்கதையும் சுரங்கவழிக் கதையும் கேட்டு மகிழ்ந்து செல்கின்றனர். சுவரெழுப்பிய கைகளைப் பற்றிக் கேட்போர் சிலரே.

ஈயத்தின் வரலாறு இதனினும் நற்பேறு பெற்றது. தஞ்சோங் துவாலாங்கில் 1938-இல் கட்டப்பெற்று 1982 வரை உழைத்த 4,500 டன் எடையுள்ள ஈயக் கப்பல் இன்றும் காட்சிக்கு நிற்கின்றது. கம்பாரில் உள்ள பொருட்காட்சிச் சாலையில், மக்கள் லம்பம் என வழங்கிய சுரங்கத்தின் வேலைமுறைகளை ஆளுயர உருவங்கள் விளக்குகின்றன. ஈப்போ நகரில் 1893-இல் தோன்றிய ஹக்கா சுரங்க முதலாளிகளின் மன்றம், 2015 முதல் ஹான் சின் பெட் சூ என்னும் காட்சியகமாய்த் திகழ்கின்றது. சூதும் அபினியும்கூட அங்கே மறைக்கப்படவில்லை. தம் முன்னோர் குறைகளையும் சேர்த்துக் காட்டிய அத்துணிவு போற்றத்தக்கது.

ரப்பரோ இதற்கு நிகரான இடம் பெறவில்லை. 1877-இல் வந்த கன்றுகளுள் ஒன்று கோலகங்சாரில் முதுமரமாய்ப் பேணப்படுகின்றது. மரத்திற்கு வேலி உண்டு. அம்மரத்தின் வழிவந்த கோடானுகோடி மரங்களைச் சீவியவர் வாழ்ந்த லயங்களோ ஒவ்வொன்றாய் மறைந்தன. தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. விடியுமுன் தப்பொலி கேட்டு எழுந்து, பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, நெற்றி விளக்கோடு நிரை பிடித்த காலத்தை அறிந்தோர் இன்று முதியோர்.

இங்கே தமிழாசிரியர் கருதத்தக்கது ஒன்றுண்டு. பெரட்டு, நிரை, மங்கு, காண்டாவாளி, ஒட்டுப்பால், ஆயாக் கொட்டகை என்பன தோட்டத் தமிழர் ஆக்கியும் ஏற்றும் வழங்கிய சொற்கள். செயல் மறைந்தால் சொல்லும் மறையும். அகராதியில் பொருள் எழுதிவிடலாம். ஆனால், பட்டையை மெல்லெனச் சீவ வேண்டும், ஆழம் மிகின் மரம் புண்படும், வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்கு ஒழுகும் என்னும் அறிவைக் கை காட்டினாலன்றிக் கண் அறியாது. ஆகவே, ஒரு லயமும் சில நிரை மரங்களும் பழந்தொழிலாளர் ஒருவரும் சேர்ந்தாலே அது சிறந்த வகுப்பறையாகிவிடும்.

ஆயினும், அதற்கோர் எல்லையும் உண்டு. காண்பவன் மாலையில் தன் வீடு திரும்புவான். பால் வெட்டியவனுக்கு அந்த லயமே வீடு. மழை நாளில் வேலையின்றிக் கூலி குறைந்த கவலையையும், துரையின் முன் நின்ற அச்சத்தையும் நடித்துக் காட்டுதல் அரிது. அழகிய விளக்கையும் பழைய கத்தியையும் மட்டும் காட்டினால் வறுமையும் ஓர் அலங்காரப் பொருளாகிவிடும். கண்ணீரை மட்டும் காட்டினாலோ, அம்மக்கள் எழுப்பிய கோவிலும் கொண்டாடிய திருவிழாவும் தோற்றுவித்த சங்கமும் மறைந்துபோம். சம்பளச் சீட்டு, கடன் கணக்கு, பள்ளிப் பதிவேடு ஆகிய சான்றுகள் பக்கத்தில் இருந்து பேசினாலே காட்சி உண்மையாகும்.

இலங்கையில் கம்பளைப் பகுதியின் பழைய பீக்கொக் தோட்டத்தில் 2007-இல் அமைந்த தொழிலாளர் அருங்காட்சியகம் இதற்கு நல்வழி காட்டுகின்றது. புது மாளிகை எழுப்பாமல், பழைய லயத்து அறைகளிலேயே உழைத்தோரின் கருவிகளையும் ஆவணங்களையும் அங்கே வைத்துள்ளனர்.

பேராக் தமிழருக்கும் இது இயலாததன்று. பெருநிதி சேரும்வரை காத்திருத்தல் வேண்டா. மாணவர் தத்தம் பாட்டன் பாட்டியரிடம் ஒரு சொல்லும் அதன் செயலும் கேட்டு எழுதட்டும். வீட்டு மூலையில் துருவேறும் கத்தியும் மங்கும் பெயரும் ஊரும் குறிக்கப்பட்டுப் பள்ளியின் ஓர் அலமாரியில் இடம் பெறட்டும். கட்டடம் பின்னர் வரலாம். கத்தி பிடிக்கக் கற்பிக்கும் கைகள் பின்னர் வாரா.