விழுப்புண்ணும் பதக்கமும்: மலாக்காத் தோட்டத் தமிழரும் காலந்தாழ்ந்த கோரிக்கைகளும்

போரில் பட்ட புண்ணைத் தமிழ் மரபு இருவகையாகப் பிரித்துப் பார்த்தது. முகத்திலும் மார்பிலும் பட்டது விழுப்புண். முதுகில் பட்டது புறப்புண். விழுப்புண் படாத நாள்களை வீணே கழிந்த நாள்களாக எண்ணும் வீரனை வள்ளுவர் படைச்செருக்கில் காட்டுகிறார். புறப்புண் நாணி வடக்கிருந்த சேரமானைச் சங்கப் பாடல்கள் அறியும். புண்ணை ஒரு சான்றாகக் கருதிய இம்மரபுக்கு நடுகல்லே பதக்கமாக அமைந்தது. இருபதாம் நூற்றாண்டின் அரசுகள் அச்சான்றை உடலில் தேடவில்லை, கோப்பில் தேடின. கோப்பு இல்லாதவனின் புண் என்னவாயிற்று என்பதை மலாக்கா மாநிலத் தமிழரை முன்வைத்து இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

மலாயாவில் இரப்பர் வாணிகப் பயிராக வேர்கொண்ட இடங்களுள் மலாக்கா முதன்மையானது. டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் நட்டார். பின்னர் புக்கிட் ஆசகானில் பெருந்தோட்டம் உருவாயிற்று. சைம் டார்பி நிறுவனமும் 1910இல் மலாக்காவில்தான் தோன்றியது. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களின் லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் பெருகிய பின்னணி இதுவே. 1942 ஜனவரி நடுப்பகுதியில் மலாக்கா ஜப்பானியர் வசமானது. அதன்பின் நிகழ்ந்தவற்றுள் ஒன்று நம் கவனத்துக்குரியது. தம்பினையும் மலாக்கா நகரையும் இணைத்து 1905 முதல் இயங்கிவந்த ஏறத்தாழ 34 கிலோமீட்டர் கிளை இரயில்பாதையை ஜப்பானியர் பெயர்த்தெடுத்துச் சயாம்–பர்மா இரயில்பாதைக்குக் கொண்டுசென்றனர். தண்டவாளம் சென்ற திசையிலேயே தோட்டத் தமிழரும் சென்றனர். போருக்குப் பின் தொகுக்கப்பட்ட கணக்கொன்றின்படி மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் ஏறத்தாழ 78,000 பேர். மாண்டோர் ஏறத்தாழ 30,000 பேர். மாண்டோர் தொகையை இதனினும் மிகுதியாக மதிப்பிடுவாரும் உளர். மலாக்கா நகருக்கு இரயில் மீண்டும் வரவேயில்லை.

இப்பின்னணியில்தான் இந்தியத் தேசிய இராணுவத்தில் தோட்டத் தமிழர் சேர்ந்ததை விளங்கிக்கொள்ள வேண்டும். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை ஏற்றார். பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து பிடிபட்ட போர்க்கைதிகளோடு, சிப்பாய்த் தொழிலே அறியாத பொதுமக்கள் ஏறத்தாழ 18,000 பேர் அவரது படையில் சேர்ந்தனர். இவர்களுள் பெரும்பான்மையோர் மலாயாத் தமிழர். தேசப்பற்று ஒரு காரணம். நேதாஜியின் பேச்சு ஒரு காரணம். சயாமுக்கு ஆள் பிடிப்போரிடமிருந்து தப்ப இராணுவச் சீருடை ஒரு வழியாக இருந்ததும் ஒரு காரணம். மூன்றாவது காரணத்தைச் சொல்வது முதல் இரண்டையும் சிறுமைப்படுத்துவதாகாது. பெரட்டுக்கு நின்று பழகிய ஓர் இளைஞன் முதன்முறையாகத் தன் விருப்பால் வரிசையில் நின்றான் என்பதே நமக்கு முக்கியம்.

1944இல் இம்பால் போர்முனை தோல்வியில் முடிந்தது. நோயும் பசியும் குண்டுகளுக்கு நிகராக ஆள்களைக் கொன்றன. புண்பட்டோர் மேமியோ மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டனர். அங்கே ஜான்சிராணிப் படைப்பிரிவின் பெண்கள் செவிலியராகப் பணியாற்றினர். 1945இல் அப்படைப்பிரிவு பர்மாவிலிருந்து பின்வாங்குகையில் இரயில் தாக்கப்பட்டு ஸ்டெல்லா, ஜோசபின் என்னும் இருவர் உயிரிழந்தனர். இராணுவம் பட்ட காயங்களுள் பல பின்வாங்கும் வழியில் பட்டவை. பழைய இலக்கணப்படி அவற்றை விழுப்புண் என்பதா, புறப்புண் என்பதா? வானூர்தியிலிருந்து விழும் குண்டுக்கு முகமும் முதுகும் ஒன்றே என்பதால் இக்கேள்வியை விடுத்துச் செல்கிறோம்.

சுதந்திர இந்தியத் தற்காலிக அரசுக்கெனப் பதக்கங்கள் இருந்தன. ஷேர்-இ-ஹிந்த், சர்தார்-இ-ஜங், வீர்-இ-ஹிந்த் போன்றன அவற்றுள் சில. அந்த அரசே மறைந்துவிட்ட பின் அவை அரும்பொருள் சேகரிப்போரின் பொருள்களாயின. சுதந்திர இந்தியாவின் படைப் பதக்க வரிசையில் அவற்றுக்கு இடமில்லை. இந்தியா 1973இல் காயப் பதக்கம் ஒன்றை நிறுவியது. பராக்கிரமப் பதக்கம் என்றும் அது வழங்கப்படுகிறது. அது இந்தியப் படையினருக்கு உரியது. இந்தியத் தேசிய இராணுவத்தினரோ விடுதலைக்குப் பின் இந்தியப் படையில் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படாதவர்கள்.

பிரிட்டிஷ் தரப்பில் நிலைமை வேறு. நாடு திரும்பிய முன்னாள் இந்தியப் படையினரை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என வகைப்படுத்தினர். 1945 நவம்பரில் செங்கோட்டை வழக்கு தொடங்கியது. ஆனால் தோட்டத்திலிருந்து சேர்ந்தவன் எந்தப் படைச்சட்டத்தையும் மீறியவனல்லன். அவனிடம் மீற எந்த உறுதிமொழியும் இருந்ததில்லை. அதனால் அவனுக்குப் பெரும்பாலும் வழக்கில்லை, தண்டனையுமில்லை. இதை நற்பேறாகக் கருதத் தோன்றும். ஆயின் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்குக் கோப்பு உண்டு. கண்டுகொள்ளாமல் விடப்பட்டவனுக்கு அதுவும் இல்லை. சுடப்பட்ட காலோடு லயத்துக்குத் திரும்பியவன் மரம் சீவ இயலாவிடில் வெளிக்காட்டு வேலைக்குப் போக வேண்டியவனே. செக்ரோலில் அவன் பெயருக்கு நேரே நாள்கூலி இருக்கும்; காயம் இருக்காது.

அதே காலத்தில் பேராக்கின் பாப்பானில் எதிர்ப்புப் போராளிகளுக்கு மருத்துவம் செய்து, ஜப்பானியரால் கொடூரமாக வதைக்கப்பட்ட சிபில் கார்த்திகேசுவுக்குப் பிரிட்டன் ஜார்ஜ் பதக்கம் அளித்தது. தாடையில் பட்ட பழைய காயமே 1948 ஜூனில் அவரது உயிரைக் குடித்தது. அவர் தகுதியை எவரும் ஐயுறார். ஒரே போரில் ஒரு புண் அரண்மனை வரை அறியப்பட்டதும், மற்றொன்று கிராணிக்குக்கூடத் தெரியாமற் போனதும், புண்பட்டவர் யார் பக்கம் நின்றார் என்பதாலும், அவருக்காக எழுத வல்லார் இருந்தனரா என்பதாலும் நேர்ந்தவை என்பதையே சுட்டுகிறோம்.

கோரிக்கை ஏன் காலந்தாழ்ந்தது என்னும் வினா இங்கு எழும். முதற்காரணம் அச்சம். 1948இல் அவசரகாலம் பிறந்தது. இந்தியத் தேசிய இராணுவத்தோடு தொடர்புடையவரும் தொழிற்சங்கத் தலைவருமான எஸ்.ஏ. கணபதி 1949 மே 4ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். அத்தகைய சூழலில் பழைய சீருடைப் புகைப்படத்தைத் தகரப்பெட்டியின் அடியில் மறைத்தவரைக் குறைகூற இயலாது. இரண்டாவது காரணம், விண்ணப்பிக்க ஏதும் இல்லாமையே. விடுதலையின் வெள்ளிவிழா ஆண்டான 1972இல்தான் இந்திய அரசு தியாகிகளுக்குத் தாமிரப் பட்டயமும் ஓய்வூதியமும் வழங்கத் தொடங்கியது. 1980இல் அத்திட்டம் விரிவாக்கப்பட்டது. ஆறு மாதச் சிறைவாசம் அதன் முக்கியத் தகுதி. துப்பாக்கிச் சூட்டாலோ தடியடியாலோ நிலையான ஊனமுற்றோருக்கும் அதில் இடமுண்டு. ஆனால் விண்ணப்பத்தைச் சரிபார்ப்பது மாநில அரசின் பொறுப்பு. ஜாசின் தோட்டக்காரருக்கு அங்கே மாநில அரசு ஏது?

காலத்தாழ்வே குற்றமாகுமா என்பதை இந்திய உச்சநீதிமன்றம் 1993இல் முகுந்த் லால் பண்டாரி வழக்கில் ஆராய்ந்தது. தாமதத்தை மட்டுமே காரணங்காட்டி விண்ணப்பத்தைத் தள்ளலாகாது. பயனோ விண்ணப்பித்த நாள்முதலே கிடைக்கும் என்றது. 2001இல் குர்தியால் சிங் வழக்கில், குற்றவழக்குக்குரிய கடுமையான நிரூபணத்தைத் தியாகிகளிடம் எதிர்பார்க்கலாகாது, நிகழக்கூடிய தன்மையே அளவுகோல் என்றது. இவ்விரு தீர்ப்புகளும் நம் சூழலுக்கு வெளியே பிறந்தவை. எனினும் சான்றைப் பற்றிய அவற்றின் சிந்தனை வரலாற்றாய்வாளருக்கும் பயன்படும். அமெரிக்காவிலும் ஒப்புமை உண்டு. காயமுற்ற வீரருக்கான ஊதா இதயப் பதக்கம் 1932இல் அங்கே புத்துயிர் பெற்றது. 1973 ஜூலை 12ஆம் நாள் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் மூண்ட தீ 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான பணிக்கோப்புகளை அழித்தது. அதனால் முதிர்ந்த வயதில் அப்பதக்கம் கேட்டவர்கள் உடன் நின்றவர்களின் சாட்சியத்தையும் மருத்துவக் குறிப்புகளையும் நாட வேண்டியதாயிற்று. கோப்பு எரிந்தபோது அங்கே மாற்றுச் சான்றுக்கு வழி வகுத்தனர். நம்மிடையே கோப்பே பிறக்கவில்லை.

மலேசியத் தமிழருள் அங்கீகாரம் பெற்றவர் அறவே இல்லை என்பதன்று. ஜான்சிராணிப் படைப்பிரிவில் பணியாற்றிய ஜானகி ஆதி நாகப்பனுக்கு இந்தியா 2000ஆம் ஆண்டு பத்மஸ்ரீ வழங்கியது. அவர் கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர், பின்னாளில் மேலவை உறுப்பினர். விருதுக்கு முற்றிலும் உரியவர். எனினும் ஒரு படையில் பதிவு பெறுவோர் தலைமையினரும் நகரத்தாருமே என்னும் நிலை, விருதுப் பட்டியலை வரலாறாக வாசிக்கும் மாணவரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

சயாம் சென்று மீண்டவர் நிலை இன்னும் கடினம். 1967 செப்டம்பர் 21இல் மலேசியாவும் ஜப்பானும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 2.5 கோடி வெள்ளி மதிப்புள்ள இழப்பீடு இரு சரக்குக் கப்பல்களாக வந்தது. பிரிட்டன் 2000இல், தூரக்கிழக்கில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்து உயிரோடிருந்த தன் வீரர் ஒவ்வொருவருக்கும் 10,000 பவுன் வழங்க முன்வந்தது. காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் நேச நாட்டுக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த வரிசைகள் உள்ளன. அதே பாதையில் மாண்ட தோட்டத் தமிழருக்கு அத்தகைய வரிசை இல்லை.

1943இல் பதினெட்டு வயதில் படையில் சேர்ந்தவர் 1925ஆம் ஆண்டளவில் பிறந்தவராவார். இனிக் கோரிக்கை எழுமாயின் அது பிள்ளைகளிடமிருந்தும் பேரப்பிள்ளைகளிடமிருந்துமே எழும். அவர்களுக்குச் சான்றாகக் கூடியவை எவை? சுதந்திர லீக்கின் நன்கொடைச் சீட்டு, முகாமில் எடுத்த குழுப்படம், உடன் சென்றவரின் ஒலிப்பதிவு, உடலிலேயே தங்கிவிட்ட குண்டுச் சிதறலைக் காட்டும் மருத்துவமனைக் கதிர்ப்படம் ஆகியவற்றைக் கூறலாம். இரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்தபோதும், தோட்டம் வீடமைப்பு நிலமானபோதும் அலுவலகப் பதிவேடுகள் பழைய தாளாகிப் போகும் இயல்புடையன. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவரின் வட்டார வரலாற்றுப் பணியில் இத்தகைய பொருள்களைப் படம்பிடித்து, யார் வீட்டில் எந்நாளில் கண்டது எனக் குறித்து வைப்பாராயின் துறை நூலகங்கள் அவற்றைப் பெற்றுப் பேண இயலும். கதிர்ப்படம் இருந்தால் அதை முதலில் கேட்டுப் பெறுதல் வேண்டும்; பழைய படலங்கள் ஒட்டிக்கொண்டு அழியும் தன்மையன.