பச்சிளங்குழந்தைகளுக்கான உடல் குளிர்விப்புச் சிகிச்சை

பிரசவ நேரத்தில் குழந்தையின் மூளைக்குப் போதிய ஆக்சிஜனும் இரத்தமும் செல்லாமல் போவதுண்டு. நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிதல், தொப்புள்கொடி அழுத்தப்படுதல், கருப்பை கிழிதல் ஆகியவை காரணங்களுள் சில. காரணம் இன்னதென்று கண்டறிய முடியாமலும் போகலாம்.

இந்தப் பாதிப்பு ஒரே கணத்தில் முடிந்துவிடுவதில்லை. இரத்த ஓட்டம் சீரான பின் மூளைச் செல்கள் சில மணி நேரம் தேறியதுபோல் இருக்கும். பின்னர் இரண்டாம் கட்டமாக அழியத் தொடங்கும். அந்த இடைவெளியில் உடலைக் குளிர்வித்தால் மூளையின் ஆற்றல் தேவை குறைந்து, அழிவும் குறைகிறது. ஆகவேதான் பிறந்த 6 மணி நேரத்திற்குள் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். 36 வாரங்களேனும் நிறைந்து பிறந்து, மிதமான அல்லது கடுமையான மூளைப் பாதிப்பின் அறிகுறிகளைக் காட்டும் குழந்தைகளுக்கே இது பரிசீலிக்கப்படுகிறது.

குழந்தையின் உடல் வெப்பநிலை 33 முதல் 34 டிகிரி செல்சியஸுக்குள் 72 மணி நேரம் வைக்கப்பட்டு, பின்னர் மணிக்கு அரை டிகிரிக்கு மிகாமல் உயர்த்தப்படும். தொட்டால் குழந்தை சில்லென்றிருக்கும், இதயத்துடிப்பும் மெதுவாகும். இவை எதிர்பார்க்கப்படுபவையே, அஞ்ச வேண்டாம். பெரும்பாலும் குழந்தையை மடியில் எடுக்க இயலாது. ஆயினும் கையைப் பற்றிக்கொள்ளலாம், பேசலாம். தாய்ப்பாலைப் பீய்ச்சிச் சேமித்து வைப்பது பின்னர் உதவும்.

நீங்களாகவே குழந்தையைக் குளிர்விக்க ஒருபோதும் முயலாதீர்கள். வெப்பநிலை அளவுமீறிக் குறைவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஒன்றை ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். உயர் வருமான நாடுகளின் ஆய்வுகளில் இச்சிகிச்சை இறப்பையும் கடும் ஊனத்தையும் குறைத்தது. ஆனால் இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் 7 மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஹெலிக்ஸ் ஆய்வில் அந்தப் பயன் காணப்படவில்லை. குளிர்விக்கப்பட்ட குழந்தைகளிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. எனவே எல்லா மருத்துவமனைகளிலும் இச்சிகிச்சை பரிந்துரைக்கப்படுவதில்லை. உங்கள் குழந்தைக்கு இது அளிக்கப்படாவிட்டால் அதனை அலட்சியம் என்று கருதிவிட வேண்டாம். காரணத்தை மருத்துவரிடம் கேளுங்கள். அளிக்கப்படுமாயின், ஏன் பொருத்தமெனக் கருதுகிறார்கள் என்றும், சுவாச ஆதரவு, வலிப்புக் கண்காணிப்பு ஆகிய வசதிகள் உள்ளனவா என்றும் கேட்க உங்களுக்கு உரிமையுண்டு.

வீடு திரும்பிய பின்னரும், குறைந்தது இரண்டு வயது வரை, கழுத்து நிற்றல், நடை, பேச்சு, செவித்திறன் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். பாலருந்த மறுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, உடல் விறைத்தாலோ அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.