அளந்தும் கிடைக்காத அகலம்

ஓட்டக் காலணி விற்கும் பெரிய கடைகளில் இன்று ஒரு சடங்கு உண்டு. வாங்க வந்தவரை ட்ரெட்மில்லில் ஓடவிட்டு, பின்னாலிருந்து கணுக்காலைப் படமெடுத்து, திரையில் மெதுவாகப் போட்டுக் காட்டி, "உங்கள் பாதம் உள்பக்கம் சாய்கிறது" என்கிறார்கள். பிறகு அந்தச் சாய்வைத் தடுக்குமாம் என்று ஒரு ஜோடியை எடுத்து நீட்டுகிறார்கள். இந்தச் சடங்குக்கு ஏறக்குறைய நூறு வயதான முன்னோர் இரண்டு உண்டு. ஒன்று உலோகத் தட்டு, மற்றொன்று எக்ஸ்ரே பெட்டி. தட்டு பாதத்தை உள்ளபடி அளந்தது. பெட்டி வாங்குபவரை மயக்கியது. கடைகள் பின்பற்றியது பெட்டியின் வழியைத்தான், அதற்குக் காரணம் விஞ்ஞானம் அல்ல, சரக்கு இருப்புக் கணக்கு என்பதே என் வாதம்.

தட்டைச் செய்தவர் அமெரிக்காவின் சிராக்யூஸ் நகரத்துச் சார்லஸ் பிரானக். தந்தை பங்குதாரராக இருந்த காலணிக் கடையில், 1920களின் நடுவில், சிறுவர்கள் பூட்டி விளையாடும் உலோகத் துண்டுகளைக் கொண்டு முதல் மாதிரியை உருவாக்கினார். குதிகாலைப் பின்பக்கக் கிண்ணத்தில் ஒட்டவைத்து எழுந்து நிற்க வேண்டும். ஓர் அளவு பெருவிரல் நுனிக்கு, ஒன்று பெருவிரலின் அடிமூட்டுக்கு, ஒன்று அகலத்துக்கு. இரண்டாவதில்தான் அவருடைய கூர்மை தெரிகிறது. ஒரே நீளப் பாதமுள்ள இருவரில் ஒருவருக்கு விரல்கள் நீளமாக இருக்கலாம், இன்னொருவருக்குக் குட்டையாக இருக்கலாம். பாதம் மடங்குவதோ அடிமூட்டில். காலணியும் அதே இடத்தில் மடங்காவிட்டால் நுனியில் எவ்வளவு இடமிருந்தும் பயனில்லை. ஆனால் இந்தத் தட்டு கடைக்காரருக்கு ஒரு தலைவலியையும் கொடுத்தது. ஒரு மாடலில் பத்து நீளம் என்றால் பத்து ஜோடி போதும். ஐந்து அகலமும் வேண்டுமென்றால் ஐம்பது ஜோடி அடுக்க வேண்டும், அதில் பாதி தூசி படிந்து கிடக்கும்.

பெட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. பாஸ்டன் மருத்துவர் ஜேக்கப் லோ காலணிக்கான எக்ஸ்ரே கருவியைச் செய்து காட்டியது 1920ஐ ஒட்டி. மரப்பெட்டியின் அடியில் உள்ள பொந்தில் காலணியோடு பாதத்தை நுழைத்தால், மேலே மூன்று துளைகள்: பிள்ளைக்கு ஒன்று, பெற்றவருக்கு ஒன்று, விற்பவருக்கு ஒன்று. பச்சை ஒளியில் தன் விரலெலும்புகள் அசைவதைப் பார்க்கும் பிள்ளை அந்தக் கடையை விட்டு நகருமா? 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 10,000 பெட்டிகள் இருந்ததாக மதிப்பீடு. எலும்பையும் காலணியின் விளிம்பையும் அது காட்டியது. இடையில் நசுங்கும் சதையைச் சரியாகக் காட்டவில்லை. வெளிக்கசிந்த கதிர்வீச்சோ வாங்குபவரைவிட, நாள் முழுதும் பக்கத்தில் நின்ற சிப்பந்தியையே அதிகம் அச்சுறுத்தியது. 1957இல் பென்சில்வேனியா முதலில் தடை விதித்தது. இந்தப் பெட்டி விளம்பரத்தின் ஒரு வடிவமே என்று மருத்துவ வரலாற்றாசிரியர்கள் ஜாக்கலின் டஃபினும் சார்லஸ் ஹேட்டரும் 2000இல் எழுதினார்கள். அவர்கள் சொன்னது சரி.

ஓட்டக் காலணியின் கதை நல்லபடியாகத்தான் தொடங்கியது. பாஸ்டனின் நியூ பேலன்ஸ் நிறுவனம் 1960இல் கொண்டுவந்த டிராக்ஸ்டர் பல அகலங்களில் கிடைத்தது. 1972 மியூனிக் மராத்தானில் ஃபிராங்க் ஷார்ட்டர் தங்கம் வென்ற பிறகு அமெரிக்காவில் ஓட்ட மோகம் பெருகியது, காயங்களும் பெருகின, பழி பாதத்தின் உட்சாய்வின் மேல் விழுந்தது. தரையில் இறங்கும்போது அதிர்ச்சியைத் தாங்கப் பாதம் இயல்பாகச் செய்யும் அசைவு அது. ஈரக்காலைத் தரையில் பதித்து, தட்டையான தடம் என்றால் உள்பக்கம் விறைப்பான காலணி, குழிந்த தடம் என்றால் மெத்தென்ற காலணி என்று வகுத்தார்கள். இதை அமெரிக்க ராணுவம் தன் பயிற்சி முகாம்களில் சோதித்துப் பார்த்தது. ஒரு பிரிவுக்குப் பாத வடிவத்தின்படி காலணி, மற்றொரு பிரிவுக்கு எல்லாருக்கும் ஒரே வகை. தரைப்படை, விமானப்படை, மரீன் படை மூன்றிலும் காய விகிதத்தில் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. 2014இல் வெளியான ஆய்வுக்காக டென்மார்க்கில் 927 புதிய ஓட்டக்காரர்களை ஓராண்டு கவனித்தபோதும், ஒரே சாதாரணக் காலணியில் ஓடிய உட்சாய்வுக்காரர்கள் கூடுதலாகக் காயப்படவில்லை.

இதற்கு மறுப்பு உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. லக்சம்பர்கில் 372 பேரிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், சாய்வைக் கட்டுப்படுத்தும் காலணி அணிந்தவர்களுக்குக் காயம் குறைந்தது. உட்சாய்வுள்ள பாதங்களில் பலன் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே அந்தக் கருத்தில் ஏதோ உண்மை இருக்கலாம். ஆனால் அங்கே பாதங்களை வகைப்படுத்தியவர்கள் ஆய்வாளர்கள், அதுவும் முறைப்படி. கடை ட்ரெட்மில்லில் இரண்டு நிமிடம் ஓடுவது அதற்கு ஈடாகாது. அளவீட்டை விட்டு, சொகுசாகத் தோன்றுவதை எடுக்கவிட்டால் வாங்குபவர் மெத்தையில் ஏமாந்துபோவார் என்பது இன்னொரு மறுப்பு. ராணுவத்தினர் 206 பேருக்கு ஆறு வகை உள்ளட்டைகளைக் கொடுத்து, பிடித்ததை அவர்களே எடுக்கவிட்ட 2001ஆம் ஆண்டு ஆய்வு வேறு மாதிரிச் சொல்கிறது. ஆளுக்கொன்று பிடித்தது, அப்படி எடுத்தவர்களுக்கு, அட்டை இல்லாதவர்களைவிடக் காயமும் குறைவு.

ஆனால் சொகுசானதைத் தேர்ந்தெடுக்க அது கடையில் இருக்க வேண்டும்; எல்லாம் அகலத்தில்தான் வந்து முட்டுகிறது. சென்னையில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலம் என்பது அதன் முடிவு. இங்கே கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது ஓர் அகலம்தான். காலைக் கடிக்கிறதே என்று ஒரு நம்பர் பெரிதாக வாங்குகிறோம், நீளம் மிஞ்சுகிறது, குதிகால் நழுவாமலிருக்க நாடாவை இறுக்கிக் கட்டுகிறோம், காலணி மடங்கும் இடம் அடிமூட்டைத் தாண்டி முன்னே போய்விடுகிறது. பிரானக் தட்டு தவிர்க்கச் சொன்னது இதைத்தான். நிறுவனம் இப்போது 'பா' என்ற பெயரில் இந்திய அளவுமுறை ஒன்றைப் பரிந்துரைத்திருக்கிறது. ஆனால் தாளில் அளவுமுறை மாறினால் போதாது. காலணியை எந்த அச்சின் மேல் இழுத்து ஒட்டுகிறார்களோ, அந்த 'லாஸ்ட்' ஒவ்வொரு நம்பருக்கும் புதிதாகச் செய்யப்பட வேண்டும். அந்தச் செலவை முதலில் ஏற்கப்போவது தொழிற்சாலையா, பிராண்டா என்பது இன்னும் முடிவாகவில்லை.